ஸ்மில்தேவுக்கு ஒரு பழைய கார்

ஸ்மில்தே மூன்றாவது முயற்சியில் ஓட்டுநர் தேர்வில் தேறினாள். அன்று மாலையே வீட்டில் கார்ப் பேச்சு தொடங்கிவிட்டது. அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. உதேனா நகரத்து முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. நவம்பர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அவர்கள் குடியிருக்கும் சலாகாஸிலிருந்து கிளம்பும் முதல் பேருந்து உதேனா போய்ச் சேரும்போது எட்டேகால் ஆகிவிடும். சொந்தமாக வந்து சேர முடியாதவர் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இல்லத்தின் மேற்பார்வையாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாற்பது கிலோமீட்டர் தூரம். பாதிக்கு மேல் காடு. நவம்பர் என்றால் அந்த நேரத்தில் இருட்டு, தரையில் உறைபனி, சில நாட்களில் சாலை நடுவே குதிரை உயரத்துக்கு எல்க் மான்.

அப்பா வைதோதாஸ் கொண்டுபோய் விடலாம் என்றால் அவருக்கு வேலை எதிர்த் திசையில், சராசையில். அங்குள்ள வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சோதனையாளராக இருக்கிறார். ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது வண்டிகள் அவர் கையைக் கடந்து போகும். அடித்தகட்டில் விரலை வைத்து அழுத்தினால் துருவுக்குள் விரல் போய்விடுகிற வண்டி, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்கிற வண்டி, முன்விளக்கு மரத்தின் உச்சியைப் பார்க்கிற வண்டி எல்லாவற்றையும் பார்த்தவர். ஊரார் வண்டிகளைப் பார்க்கும்போது வராத பயம், மகளை எதில் உட்கார வைப்பது என்று யோசித்தபோது வந்தது.

அவருக்கு வேண்டியது என்ன என்பதில் குழப்பமே இல்லை. புதிய கார் வாங்கக் கட்டுப்படியாகாது, பழையதுதான். ஆனால் சின்ன வண்டி கூடாது. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதினால் கனமானது கனம் குறைந்ததைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும்; அந்தத் தள்ளல் உள்ளே இருப்பவரின் கழுத்திலும் நெஞ்சிலும்தான் போய் முடியும். எஞ்சின் சோம்பேறியாக இருக்க வேண்டும், மிதித்த மாத்திரத்தில் பாயக் கூடாது. சறுக்கல் தடுப்பு கட்டாயம் வேண்டும். இதை விளக்க ஆரம்பித்தால் அவர் மனைவி ரமுனே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள், ஸ்மில்தே மட்டும் உட்கார்ந்து கேட்பாள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஓர் உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இன்னோர் உணரி பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி சறுக்குகிறது என்று பொருள். அந்த நொடியே, நான்கு சக்கரங்களில் எதைப் பிடித்தால் வண்டி வழிக்கு வருமோ அதை மட்டும் அது பிடிக்கும். எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராலும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட முடியாது, ஏனென்றால் அவர் காலடியில் இருப்பது ஒரே பிரேக் பெடல்.

கடைசியாக, காற்றுப்பைகள். சீட் பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். தலையை அது பிடிக்காது. தலைக்குத்தான் பை.

"பொண்ணுக்குக் கார் தேடுறீங்களா, பட்டாளத்துக்கு டாங்கி தேடுறீங்களா?" என்று ரமுனே கேட்டாள். பதினைந்து நாள் விளம்பரங்களைப் புரட்டியும் அவர் ஒரு வண்டியைக்கூட நேரில் போய்ப் பார்க்கவில்லை என்பது அவள் கோபம். அதைவிடப் பெரிய கோபம் ஒன்றும் இருந்தது. அவளுடைய தம்பி எவால்தாஸ் உதேனாவுக்கு வெளியே கார் வியாபாரம் செய்கிறான். ஜெர்மனியிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, சரிபண்ணி, விற்கிறான். சொந்தத் தாய்மாமன் இருக்கும்போது ஊர் பேர் தெரியாதவனிடம் ஏன் போக வேண்டும் என்பது அவள் கேள்வி.

வைதோதாஸிடம் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் மனைவியிடம் சொல்லும் பதில் அல்ல. அவருக்கும் எவால்தாஸுக்கும் பகை இல்லை. கிறிஸ்துமஸ் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஏரி மீனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். காரைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். எவால்தாஸ் இந்த வியாபாரத்தில் இறங்கிய பதினொரு ஆண்டுகளாக அப்படித்தான்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, மூவரும் எவால்தாஸ் கார் விற்கும் மனைக்குப் போனார்கள். வைதோதாஸின் கோட்டுப் பையில் பூச்சு அளக்கும் கருவி இருந்தது. பழைய கார் பார்க்கப் போகிற யாரும் அது இல்லாமல் போவதில்லை. சொந்தமாக வைத்திருக்காதவர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு போவார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. தகட்டின் மேல் வைத்தால் அதற்குள் இருக்கும் காந்தம் அடியிலுள்ள இரும்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் என்றால் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நூறு, நூற்று நாற்பது பங்கு. அடிபட்டு, டிங்கர் வேலை பார்த்து, பட்டி வைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தால் எண் ஐந்நூறு, எண்ணூறு என்று ஏறும். அடிபடாத காரை வாங்கினோம் என்று சொல்லிக்கொள்வதில் அங்குள்ளவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையின் படிப்பைப் போல அவன் காரின் எண்களையும் சொல்வார்கள்.

எவால்தாஸ் மனையில் அன்று பதினான்கு வண்டிகள் நின்றன. அவன் அவர்களை நேராக ஒரு பச்சை வண்டியிடம் கூட்டிக்கொண்டு போனான். ஸ்வீடன் தயாரிப்பு, பின்பக்கம் நீண்டது, பதினான்கு வயது, நல்ல கனம், சறுக்கல் தடுப்பும் உண்டு. சவப்பெட்டி வண்டிபோல இருக்கிறது என்று ஸ்மில்தே முணுமுணுத்தாள். வைதோதாஸ் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பானட் நூற்று முப்பது, வலப்பக்கம் நூற்று இருபத்தைந்து. இடப்பக்கப் பின்கதவில் வைத்ததும் கருவி கீச்சென்றது. அறுநூற்று நாற்பது. அதை ஒட்டிய பின்தகட்டில் ஐந்நூற்று எண்பது.

ஹானோவரில் ஒரு டாக்டரின் மனைவி வைத்திருந்த வண்டி என்றும், வாகன நிறுத்தத்தில் திருப்பும்போது தூணில் உரசிவிட்டது என்றும், வேறு ஒன்றுமே இல்லை என்றும் எவால்தாஸ் சொன்னான்.

"ஜெர்மனியில மொத்தம் எத்தனை டாக்டர் பொண்டாட்டிங்கடா இருக்காங்க?" என்றார் வைதோதாஸ். "எனக்கு வாரத்துக்கு மூணு பேரோட வண்டி வருது."

அவர் கண் அதற்குள் வரிசையின் கடைசியில், சுவரோரம் நின்ற வெள்ளி நிற வண்டிக்குப் போய்விட்டது. ஜெர்மன் தயாரிப்பு, பதின்மூன்று வயது, கனம் ஒன்றரை டன், எஞ்சின் சின்னது. சறுக்கல் தடுப்பு இருந்தது. கருவியை வைத்தார். பானட் நூற்றுப் பன்னிரண்டு. இடக்கதவு நூற்றுப் பதினெட்டு. வலக்கதவு நூற்று இருபத்தொன்று. கூரை, பின்கதவுகள், டிக்கி எல்லாமே அதே கணக்கு. இருபத்திரண்டு ஆண்டுகளில் இவ்வளவு சீரான எண்களை அவர் அதிகம் பார்த்ததில்லை.

அது வேண்டாம் என்றான் எவால்தாஸ். பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்றான். வைதோதாஸ் அந்த எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்; குடிக்காது என்றார். அப்படியென்றால் கியர் கொஞ்சம் கடினம், சின்னப் பெண்ணுக்குச் சரிவராது என்றான். கொஞ்ச நேரம் கழித்து, ஏற்கெனவே ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்றான். மூன்று காரணங்கள் சொன்னான், மூன்றையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வியாபாரி ஒரு வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறான், இன்னொன்றை ஒளிக்கிறான் என்றால் நல்லது எது என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டி வைத்த வண்டி விற்காமல் நிற்கிறது, அதைச் சொந்தக்காரர் தலையில் கட்டுகிறான். வெள்ளி வண்டிக்குக் கூடுதல் விலை தர வெளியாள் இருக்கிறான். வைதோதாஸ் அப்படித்தான் கணக்குப் போட்டார். ரமுனேவும் அதையேதான் போட்டாள், ஆனால் அவளால் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அக்கா மகளுக்கு நல்லதைக் குடுக்க உனக்கு மனசு வரலையா?" என்று கேட்டாள். "அவ ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டு நின்னவன் நீதானே?"

எவால்தாஸ் சாவி மாட்டியிருந்த பலகைக்குப் போனான், பச்சை வண்டியின் சாவியைத் தொட்டான், பிறகு வெள்ளி வண்டியின் சாவியை எடுத்து வந்து ஸ்மில்தேவின் கையில் வைத்தான்.

"மெதுவா ஓட்டும்மா," என்றான்.

ஸ்மில்தே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். வைதோதாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தேர்வில் இரண்டு முறை தோற்றவள் என்பதால் அந்த வரிசையில் ஓர் எழுத்துகூட அவள் விடுவதில்லை. சாவியைப் பாதி திருப்ப வேண்டும், எஞ்சினைக் கிளப்பக் கூடாது. இருக்கையை முன்னால் இழுக்க வேண்டும். முதுகைச் சரிசெய்ய வேண்டும். தலைச்சாய்வின் உயரம். பக்கக் கண்ணாடிகள், அதற்கு மின்சாரம் வேண்டும், அதனால்தான் சாவி பாதியில் நிற்கிறது. நடுக் கண்ணாடி. பெல்ட். கியர் நடுவில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் மேலே இருக்கிறதா.

ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்ப்பது சிரமமான காரியம். வலக்கண்ணாடியை அவள் மேலே ஏற்றினாள், அதிகமாகிவிட்டது என்று இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். வைதோதாஸ் கண்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் டாஷ்போர்டைப் பார்த்தார்.

அங்கே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பாட்டரி விளக்கு, எண்ணெய் விளக்கு. அவை எரியத்தான் வேண்டும். எஞ்சின் ஓடவில்லை, எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை, ஓட ஆரம்பித்ததும் அணையும். அவற்றுக்குப் பக்கத்தில் காற்றுப்பை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளும் அவன் முகத்துக்கு எதிரே ஓர் உருண்டையும், சிவப்பில்.

அந்த விளக்குக்கும் எஞ்சினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாவியைப் பாதி திருப்பியதுமே காற்றுப்பையின் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் கம்பிகள் ஒவ்வொன்றிலும் துளி மின்சாரம் விட்டுப் பார்க்கும். கம்பியின் அந்தப் பக்கம் பை இருக்கிறதா, மோதும்போது பெல்ட்டை இழுத்து இறுக்கும் சிறு வெடி இருக்கிறதா, மோதலை உணரும் கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும். எல்லாம் சரி என்றால் ஐந்து, ஆறு நொடியில் தானே விளக்கை அணைத்துவிடும். எஞ்சினைக் கிளப்பினாலும் சரி, கிளப்பாவிட்டாலும் சரி. ஏதாவது குறை இருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எஞ்சின் கிளம்பிய பிறகும்.

ஸ்மில்தே இடக்கண்ணாடிக்கு வந்திருந்தாள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். விளக்கு எரிந்தது.

"எல்லாம் ஆச்சுப்பா. கிளப்பவா?"

"கிளப்பு."

எஞ்சின் கிளம்பியது. எண்ணெய் விளக்கும் காற்றுப்பை விளக்கும் ஒரே கணத்தில் அணைந்தன, ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஆடுகள் சேர்ந்து திரும்புவதுபோல.

வைதோதாஸ் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பாதி திருப்பி அப்படியே விடச் சொன்னார். அவர் கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு கிளப்பச் சொன்னார். மறுபடியும் இரண்டும் சேர்ந்தே அணைந்தன.

அவர் இறங்கிப் பத்தாம் எண் ஸ்பேனரும் பிளாஸ்டிக் நெம்புகோலும் கேட்டார். எதற்கு என்று எவால்தாஸ் கேட்கவில்லை. போய் எடுத்து வந்தான்.

பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். காற்றுப்பையின் பெட்டி தனக்கென்று கொஞ்சம் மின்சாரம் சேர்த்து வைத்திருக்கும். மோதலில் பாட்டரி நொறுங்கிப்போனாலும் பையை வெடிக்க வைக்க அந்தச் சேமிப்பு போதும். அது வடியும் முன் கை வைத்தால் முகத்திலேயே வெடிக்கலாம். இது விதி. பதினொரு ஆண்டுகளாகக் காரைப் பற்றிப் பேசாத இருவரும் காரின் இரண்டு பக்கமும் நின்று, பத்து நிமிடம் முழுதாகக் காத்திருந்தார்கள். எவால்தாஸ் ஒரு சிகரெட் பிடித்தான், அதை அணைத்துவிட்டு இன்னொன்று எடுத்தான். என்ன பார்க்கிறீர்கள் என்று ரமுனே இரண்டு முறை கேட்டாள்.

வைதோதாஸ் டாஷ்போர்டின் வலப்பக்கத்தில், தான் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு எதிரே இருந்த மூடியை நெம்பினார். உள்ளே, மடித்து வைத்த பை இருக்க வேண்டிய பள்ளத்தில், குளிக்கப் பயன்படும் மஞ்சள் ஸ்பஞ்சு இருந்தது. மூடி உள்ளே அமுங்காமல் இருப்பதற்காக அளவாக வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். கம்பியின் நுனியில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றினார். அங்கே ஸ்பஞ்சுகூட இல்லை.

"இதை வெச்சுக் கார் கழுவலாம் போல," என்றாள் ஸ்மில்தே. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

இப்போது வைதோதாஸ் பானட்டைத் திறந்து கீல்களின் போல்ட்டுகளைப் பார்த்தார். முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய இடம். ஸ்பேனர் பிடித்த இடங்களில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. கதவுக் கீல்களிலும் அப்படியே. முன்பக்கம் நசுங்கிய வண்டிக்கு அதே வெள்ளி நிறத்தில், அதே ஆண்டில் வந்த வேறொரு வண்டியின் பானட்டையும் கதவுகளையும் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பட்டியும் இல்லை, புதுப் பெயிண்டும் இல்லை. கருவி பொய் சொல்லவில்லை. இரும்புக்கும் காற்றுக்கும் நடுவே எவ்வளவு பெயிண்ட் என்று கேட்டால் அது சொல்லும். அந்த இரும்பு யாருடையது என்று அதற்குத் தெரியாது.

ரமுனேவுக்கு விஷயம் புரிய இவ்வளவு நேரம் ஆனது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வைதோதாஸைப் பார்த்தான்.

"வேணாம்னு சொன்னேன்ல மச்சான்."

"ஏன் வேணாம்னு சொன்னியா?"

"யார்கிட்ட சொல்றது? கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு சோதனை நிலையத்துல நிக்கறவர்கிட்டயா?" எவால்தாஸ் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். "பச்சை வண்டியை எடுங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன். நான் எதைச் சொன்னாலும் உங்களுக்கு அது திருட்டு வண்டி."

அது உண்மைதான். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி சோதனையில் தேறாமல் பதிவாகாது. அப்படியென்றால் இது தேறியதாக யார் எழுதிக் கொடுத்தார்கள்?

எவால்தாஸ் அலுவலக அறைக்குள் போய் ஒரு தாளை எடுத்து வந்து நீட்டினான். அக்டோபர் ஏழாம் தேதி, சராசை. காற்றுப்பை விளக்கு: எரிந்தது, அணைந்தது, சரி. கீழே சோதனையாளரின் எண் இருநூற்றுப் பதினான்கு. அது வைதோதாஸின் எண்.

வண்டியைக் கொண்டுவந்தது யாரோ ஒரு கூலி ஓட்டுநர். யாருடைய வண்டி என்று வைதோதாஸுக்குத் தெரிந்திருக்காது. அந்த நாளே நினைவில் இல்லை. ஆனால் என்ன நடந்திருக்கும் என்று தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு வண்டிக்கும் அதுதான் நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குள் அவர் ஏறுவார். நிறுத்துவார். ஒரே திருகில் மறுபடி கிளப்புவார். விளக்குகள் எல்லாம் ஒரு முறை மின்னி அணையும். தாளில் குறி போட்டுவிட்டுப் பிரேக் உருளைகளுக்கு நகர்வார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டிப் பழகிய கை சாவியைப் பாதியில் நிறுத்தாது. அந்த விளக்கின் கம்பியை எண்ணெய் விளக்கின் கம்பியோடு முடிச்சுப் போட்டவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்களா?" என்றாள் ரமுனே.

"நான்தான்."

பிறகு பச்சை வண்டியை மறுபடி பார்த்தார்கள். இந்த முறை கருவி கோட்டுப் பையிலேயே இருந்தது. அவர் கதவுகளைத் திறந்து, ரப்பரை உரித்து, தகடுகள் சேரும் இடத்தில் தொழிற்சாலை வைத்த பசைக்கோடு பற்பசைபோல ஒரே சீராக ஓடுகிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். கூரையைத் தாங்கும் இடப்பக்கத் தூண் நேராக இருந்தது. சீட் பெல்ட் ஒவ்வொன்றையும் அடிவரை இழுத்து, அதில் தைத்திருந்த துணிச்சீட்டில் வண்டியின் ஆண்டே இருக்கிறதா என்று பார்த்தார். மோதலில் இழுபட்ட பெல்ட்டை மாற்றியிருந்தால் ஆண்டு வேறாக இருக்கும். எல்லாவற்றிலும் வண்டியின் ஆண்டே இருந்தது. போல்ட்டுகளில் பெயிண்ட் அப்படியே இருந்தது. அடியில் படுத்துப் பார்த்தார். துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. எவால்தாஸ் கைபேசியில் தூணில் உரசிய படத்தைக் காட்டினான். ஜெர்மன் பதிவுத்தாளில் பழைய உரிமையாளரின் பெயருக்கு முன்னால் டாக்டர் என்றே இருந்தது. மனைவி இல்லை, அந்த அம்மாளே டாக்டர்.

ஸ்மில்தே உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். ஆறில் சிவப்பு ஆள் அணைந்தான். எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விலை பேசி முடிந்து, கைகுலுக்கி, எவால்தாஸின் மனைவி ஆப்பிள் கேக்கோடு காப்பி கொண்டுவந்து வைத்த பிறகு ஸ்மில்தே கேட்டாள்:

"மாமா, அந்த வெள்ளி வண்டிய யாருக்கு விப்பீங்க?"

"வர்றவங்களுக்கு."

"அவங்களுக்கும் சொல்லாமயா?"

எவால்தாஸ் காப்பியைக் கலக்கினான். பைகள், பெல்ட்டுகள், பெட்டி எல்லாம் புதிதாகப் போட்டால் வண்டியின் விலையில் பாதி ஆகிவிடும் என்றும், சரிபண்ணத் தான் கொடுத்த மெக்கானிக்தான் அப்படிச் செய்தான் என்றும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும், அந்தப் பைகள் பெரும்பாலும் ஒரு தடவைகூட வெடிப்பதில்லை என்றும் சொன்னான். கடைசியாகச் சொன்னது உண்மைதான், ஆனாலும் அதைச் சொன்னதும் அவனே நிறுத்திக்கொண்டான்.

"திங்கக்கிழமை அந்தச் சான்றிதழ ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடுக்கறேன்," என்றார் வைதோதாஸ்.

"அதுல உங்க நம்பர்தான் இருக்கு மச்சான்."

"தெரியும்."

"உங்க வேலை?"

"அது என் பாடு."

ரமுனே வாயைத் திறந்தாள், பிறகு கேக்கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் கணவனோடு தங்கள் வண்டியில் வந்தாள். மகள் பச்சை வண்டியில், பின்கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான மேப்பிள் இலைச் சீட்டை ஒட்டிக்கொண்டு, முன்னால் அறுபதில் போனாள். அவர்களுக்குப் பின்னால் ஒன்பது வண்டிகள் சேர்ந்துவிட்டன. ரமுனே கோபமாக இருக்கிறாளா, யார்மேல் என்று வைதோதாஸுக்குத் தெரியவில்லை. சலாகாஸ் தேவாலயம் தெரியும் இடம் வந்ததும், "அந்த ஸ்பஞ்சு, நம்ம வீட்ல இருக்கற மாதிரியே ஸ்பஞ்சு," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை அவர் எழுதிக் கொடுத்தார். நிலைய மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, இதை எழுதாமலே விட்டிருக்கலாமே என்று கேட்டார். பிறகு மேலே அனுப்பினார். வெள்ளி வண்டியின் சான்றிதழ் ரத்தானது. எவால்தாஸ் அதை உதிரிப் பாகங்களாக விற்றான். வைதோதாஸை ஒரு மாதம் சோதனைத் தடத்திலிருந்து எடுத்து, கட்டணம் வாங்கித் தாள் கொடுக்கும் சாளரத்தில் உட்கார வைத்தார்கள். அவர் இடத்தில் நின்ற இளைஞரிடம், சாவியைப் பாதி திருப்பிப் பத்து நொடி காத்திருக்க வேண்டும் என்று எழுதிய தாளை ஒட்டச் சொன்னார். வரிசை நீண்டது. வெளியே நின்றவர்கள் உள்ளே என்ன ஜெபக் கூட்டமா என்று கேட்டார்கள்.

எவால்தாஸ் பேசுவதை நிறுத்திவிட்டான். ரமுனே அழைத்தால் எடுத்தான், வைதோதாஸ் அழைத்தால் எடுக்கவில்லை. அக்டோபர் கடைசி நாள் வைதோதாஸ் வேலையிலிருந்து வந்தபோது, வாசல் கதவுக்குப் பக்கத்தில், உறைபனியில் வழுக்காத டயர் மாட்டிய நான்கு குளிர்காலச் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பச்சை வண்டியின் அளவு. சீட்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரித்தது என்று நான்கு இலக்கம் இருக்கும். வைதோதாஸ் நான்கையும் புரட்டிப் படித்தார். இந்த ஆண்டு, முப்பத்தோராவது வாரம். நான்கும். ஞாயிற்றுக்கிழமை அவரே மாட்டினார்.

நவம்பர் மூன்றாம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்மில்தே கிளம்பினாள். அவர் சராசைக்குப் போய்ச் சாளரத்தில் உட்கார்ந்தார். ஆறு ஐம்பத்திரண்டுக்குக் கைபேசி அடித்தது. எதிரே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் எடுத்தார்.

"வந்துட்டேன்பா. நிறுத்தத்தான் இடமே இல்ல, மூணு சுத்து சுத்தினேன். செல்போனைப் பெட்டியில வெச்சுப் பூட்டணுமாம், அதான் இப்பவே பேசறேன்."

"சரி."

"மாமா நேத்து பேசினாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."

"என்ன கேட்டான்?"

"டயர்ல காத்து எவ்வளவு வெச்சிருக்குன்னு. எனக்குத் தெரியலன்னேன்."

சாளரத்துக்கு வெளியே முதலில் நின்றவர் தன் தாளை உள்ளே நீட்டினார். வைதோதாஸ் அதை வாங்கி மேஜையில் வைத்தார்.

"முன்னாடி ரெண்டு புள்ளி மூணு, பின்னாடி ரெண்டு புள்ளி ஒண்ணு," என்றார். "சாயந்தரம் அவனுக்குச் சொல்லிடு."